சந்தனம் பூசிய பிள்ளையார்

பதுளை ஆஸ்பத்திரியில் மகளின் உடைந்த கையில் பஞ்சைச் சுற்றி, அதன்மேல் தாதி ஈரப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டிருந்தார். "சுடுதும்மா" என்றாள் மகள். அந்தச் சூடு எனக்குத் தெரியும்.

நான் சிறுமியாக இருந்தபோது, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பீங்கான் பிள்ளையார் செய்து விற்க என் அப்பா ஆசைப்பட்டார். கோயிலில் இருந்த சிறிய பீங்கான் பிள்ளையாரைப் பூசாரியிடம் கேட்டு வாங்கி வந்தார். அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுக்க வேண்டும். ஒட்டாமலிருக்க முதலில் சோப்பைக் கரைத்துப் பூச வேண்டும்.

"துணி தொவைக்கிற சோப்பையா சாமி மூஞ்சில பூசுவீங்க?" என்று அம்மா மறித்தாள். அப்பா யோசித்துவிட்டுச் சந்தனம் பூசினார்.

நான் தொட்டுப் பார்க்கப் பார்க்கப் பிளாஸ்டர் சூடாகி இறுகியது, ஆறியது. பிள்ளையார் மட்டும் அதிலிருந்து கழன்று வரவில்லை. சாயங்காலம் பூசாரி வந்து கதவைத் தட்டினார்.

"சாமியக் குடுங்கண்ணே, வெளக்கு வைக்கணும்."

"இந்தா, ஆச்சு" என்று அப்பா உளியை வைத்து அடித்தார். அச்சு பிளந்தது. ஒரு பாதியோடு தும்பிக்கையும் உடைந்து வந்தது. அம்மா சத்தமில்லாமல் கதவைத் தாழிட்டாள். பூசாரி தட்டிக்கொண்டே இருந்தார்.

மகளின் கட்டைவிரல் அடியில் தோல் தெரிந்தது.

"இந்த எடத்துல பஞ்சு வெலகியிருக்கு மிஸ்" என்றேன் தாதியிடம். "ஒட்டிக்காம இன்னும் கொஞ்சம் வைங்க."