மூடியின் உள்பக்கம்

தையல் கடையில் நான் உட்காரும் முக்காலியில் ஒரு மரச் சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் உடையைப் பிடித்து இழுக்கும். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் போய் உட்கார்ந்தால் வழவழவென்று இருக்கிறது. பக்கத்துப் பட்டறையில் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிற அண்ணனின் வேலை என்று ஸ்பிரிட் வாசனையே சொல்லிவிட்டது. கேட்டதற்கு, "எலி கடிச்சிருக்கும் தங்கச்சி" என்றார்.

தெருவில் அவருக்கு 'கண்ணாடி' என்று பெயர். அவர் கை பட்ட மரத்தில் முகம் பார்க்கலாம். அண்ணி வீட்டிலிருந்து தைப்பார். ஒரே மகன். ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து ஆண்டவனிடம் போய்விட்டான். பல வருடம் ஆகிறது.

அண்ணிக்கு வயிற்றில் கட்டி. இனி வைத்தியம் இல்லை, வியாழக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வருகிறவளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, அண்ணியின் தையல் மெஷினை மூடுகிற மரப்பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டார் அண்ணன். மழை ஒழுகி, பூஞ்சை பிடித்து, பித்தளைப் பூட்டு பச்சையாகிக் கிடந்த பெட்டி. மூன்று நாள் மாங்கு மாங்கென்று வேலை செய்தார்.

புதன்கிழமை அண்ணியைப் பார்க்கப் போனேன்.

"வீட்டுக்குப் போனதும் என் மெஷின் பெட்டி மூடியைத் திறந்து பாக்கணும்டி. புள்ளையோட அளவெல்லாம் உள்பக்கம் பென்சில்ல எழுதி வச்சிருக்கேன். ஒண்ணாவது வயசுலேர்ந்து."

ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்கு வந்தேன். அண்ணன் மூடியைத் திருப்பிக் காட்டினார்.

"உள்ளயும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பாலிஷும் அடிச்சுட்டேன். வெளிய மட்டும் மினுக்கிட்டு விட்டா அது ஏமாத்து வேலை."

அண்ணி சொன்னதைச் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பேரு ஒண்ணும் இல்லையே தங்கச்சி. வெறும் நம்பர். பழைய ஆர்டர்னுல்ல நினைச்சேன்."

அழிந்ததை ஒரு தடவை காட்டு ஆண்டவனே என்று மன்றாடினேன். மரத்தில் எங்கள் இரண்டு பேர் முகம்தான் தெரிந்தது.

அந்தப் பிள்ளையின் கடைசிச் சட்டையை என் மகனுக்கென்று அண்ணி கொடுத்திருந்தார். போடவிட மனசு வராமல் பீரோவில் வைத்திருந்தேன். அதை எடுத்து வந்து, டேப் வைத்து அளந்து சொன்னேன். அண்ணன் பென்சிலால் எழுதினார். மார்பு இருபத்தெட்டு. ஒரே ஒரு வரி.

மறுநாள் வீட்டுக்கு வந்த அண்ணியை முதுகில் தலையணை கொடுத்து உட்காரவைத்தோம். மூடியைத் திறந்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"என் புள்ளைக்கு மார்பு இருபத்துநாலு. லூஸ் நாலு இன்ச் விட்டுத்தான் தைச்சேன். இது சட்டையோட அளவுங்க. புள்ளையோடது இல்ல."

அளவெடுத்துத் தைக்கிறவள் நான். அது எப்படி மறந்தது?

"யாரு அளந்தது?" என்றார் அண்ணி.

"நான்தான். தையல்ல எனக்கு என்ன தெரியும்?" என்றார் அண்ணன், என் பக்கம் பார்க்காமல்.

"மத்ததெல்லாம் எங்க?"

அண்ணன் மூடியைச் சாத்தினார். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப்பின் பத்தொன்பது நாள் இருந்தார். மூடியைக் கேட்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து, தம்பி வீட்டோடு போய் இருக்கக் கிளம்பினார் அண்ணன். பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"நாலு இன்ச் கழிக்கணும்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல தங்கச்சி?"