கஷ்டம் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னது

அந்தப் போன் வந்தது ஒரு புதன்கிழமை காலை. வில்லியனூரில் நான் கறி வெட்டும் கடையில் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேர்வது புதன்கிழமைதான். என் இரண்டு கையும் ரத்தமாக இருந்தன. சட்டைப் பையில் போன் அடித்ததும் கடைக்காரர் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். கடையில் யாருக்குப் போன் வந்தாலும் அவர் அப்படித்தான் செய்வார்.

பேசியவர் ஒரு பெண். பெங்களூரில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து கூப்பிடுவதாகச் சொன்னார். என் மகள் அங்கே இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்குத் தேர்வாகியிருந்தாள். அது வேலையும் இல்லை, படிப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருப்பது என்று அவள்தான் எனக்கு விளக்கியிருந்தாள்.

"சார், பொண்ண அனுப்பறதுல உங்களுக்குப் பணக் கஷ்டம் ஏதாவது இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

கடை முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அதில் நான்கு பேர் என் தெருக்காரர்கள். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம். நல்லா இருக்கறோம்" என்றேன்.

"ஓகே சார், தேங்க்யூ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதலில் நின்ற பெரியவர், "அப்பிடித்தாம்பா சொல்லணும். எவளோ கேட்டான்னு நம்ம மானத்த நாமளே வாங்கிக்கறதா இன்னா?" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவருக்கு ஈரல் ஒரு துண்டு கூடவே போட்டேன்.

மறுநாள் சாயங்காலம், சேதராப்பட்டுக் கம்பெனி பஸ்ஸிலிருந்து என் மனைவி இறங்கி வந்த நேரத்தில், மகள் போனில் வந்திருந்த கடிதத்தைப் படித்துக்காட்டினாள். பெற்றோரே கஷ்டம் இல்லை என்று உறுதி செய்துவிட்டதால் அவளுக்கு உதவித்தொகை கிடையாது. ரயில் செலவு, விடுதி, சாப்பாடு எல்லாம் சொந்தச் செலவு. சம்மதமா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

"ஏம்பா அப்பிடிச் சொன்ன?" என்று மகள் கேட்டாள்.

"அத்தினி பேரு நின்னாங்கம்மா."

"தலையப் பொளக்கத் தெரியுது இந்த மனுசனுக்கு, வாயத் தொறக்கத் தெரில" என்றாள் என் மனைவி. "தொறந்தாலும் இந்த லட்சணம்."

மகள் அழவில்லை. படித்ததையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கல்யாணத்துக்குப் போனால்கூட மொய் எழுதிவிட்டுப் பின்பக்கமாக வந்துவிடுவேன். அந்த இரவு முழுவதும் குற்றம் என் கூச்சத்தின் மேல்தான் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை கடையில் ஓர் ஆட்டுத் தலையைப் பிளந்து மூளையை எடுக்கும்போதுதான் கோபம் வந்தது. சவ்வு கிழியாமல் மூளையை முழுசாக எடுக்கிற நேரத்தில் கோபம் வரக்கூடாது. அது உடைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அப்படி உடைத்திருப்பேன்.

அந்த மூளையில்தான் என் மகளுக்கு ஆசையே தொடங்கியது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சோறு கொண்டுவருவாள். வாழையிலையில் எடுத்து வைத்த மூளையைக் குனிந்து பார்த்து, இந்தப் பக்கத்து மடிப்பும் அந்தப் பக்கத்து மடிப்பும் ஒரே மாதிரி இல்லையே என்பாள். எனக்குப் பதில் தெரியாது. எந்த ஆட்டுக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்று மட்டும் தெரியும். அரசுக் கல்லூரியில் விலங்கியல் எடுத்து மூன்றாம் வருஷம் வந்தபோது, இந்த இன்டர்ன்ஷிப்புக்கு அதையே எழுதிப் போட்டாள். தேர்வு செய்தவர்கள் அதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்களாம்.

அந்த உதவித்தொகை எதற்காக வைத்தார்கள் என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். இதுவரை அந்தப் படிப்பின் பக்கமே வராத வீடுகளிலிருந்து, கிராமத்திலிருந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளை உள்ளே கொண்டுவருவதற்காக. நல்ல காரியம். அதற்கு வருமானச் சான்றிதழ் கேட்டார்கள், சாதிச் சான்றிதழ் கேட்டார்கள், முதல் பட்டதாரி என்பதற்குத் தாள் கேட்டார்கள். மூன்று நாள் கூலியை விட்டு அலைந்து வாங்கி அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் முத்திரை இருந்தது. அத்தனை தாளும் பொய்யாகிவிட்டது. கூச்சத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தை உண்மையாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் யாராவது கஷ்டம் உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வோம். பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டாலும் முதலில் போதும் என்றுதான் சொல்வோம். கேட்கிறவருக்கும் அது தெரியும், அதனால் மறுபடி கேட்பார். இவர்கள் ஒரு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். எங்களைப் போன்ற வீடுகளைத் தேடுகிறோம் என்கிறவர்களுக்கு, எங்கள் வீடுகளில் எப்படிப் பேசுவார்கள் என்று தெரியவில்லை. கேட்டவுடன் அழத் தெரிந்தவனுக்குத்தான் பணமா? அழமாட்டேன் என்கிறவன் பணக்காரனா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை கழுவி விட்ட பிறகு நானே போன் செய்தேன். அதே பெண்தான் எடுத்தார்.

"சார், நீங்கதானே கஷ்டம் இல்லைன்னு சொன்னீங்க? நோட் பண்ணி வெச்சிருக்கேன். இப்ப என்ன கஷ்டம்னு டீடெய்லா சொல்லுங்க."

"நீங்க கேக்கசொல்ல கடையில பன்னெண்டு பேரு நின்னாங்க மேடம். போனு ஸ்பீக்கர்ல கெடந்துது. உங்க அப்பாவ அப்பிடி நிக்கவெச்சிக் கேட்டா அவரு இன்னா சொல்லுவாரு?"

"எங்கப்பாவும் இல்லைன்னுதான் சார் சொல்லுவாரு" என்றார். பிறகு, தன்னால் முடிவை மாற்ற முடியாது, கமிட்டிதான் பார்க்க வேண்டும், கடிதம் எழுதி அனுப்புங்கள் என்றார்.

தமிழில்தான் எழுதினேன். நாலு வரி. சான்றிதழில் இருப்பது உண்மை. நான் போனில் சொன்னது மரியாதைக்குச் சொன்னது. என் மகளுக்கு நீங்கள் சொன்ன உதவி வேண்டும். இனிமேல் தாளைப் பாருங்கள், அப்பனை ஊர் முன்னால் கேட்காதீர்கள். கடைசி வரியை எடுத்துவிடலாம் என்று மகள் சொன்னாள். "இருக்கட்டும், அவரு வாயத் தொறந்ததே இப்பதான்" என்றாள் என் மனைவி. மகள் அதைப் படம் எடுத்து, முடிவு வரும்வரை தன் இடத்தை வைத்திருக்கும்படி கேட்டு, திங்கட்கிழமைக்கு முன்னாலேயே அனுப்பினாள்.

கமிட்டி கூடுவதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. உதவித்தொகை கிடைத்தது. அவளும் போனாள். ஆனால் மற்ற பிள்ளைகள் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூளையை மெல்லிசாகச் சீவி எடுக்கிற வேலைக்கு ஆட்கள் அமைந்துவிட்டார்கள். இவளைக் கம்ப்யூட்டரில் வரும் படங்களில் செல்களை எண்ணுவதற்கு உட்காரவைத்தார்கள். அதுவும் கற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்று போனில் சொன்னாள். அவள் குரலை எனக்குத் தெரியும். யாரும் அவளை ஒரு திட்டு திட்டவில்லை, எல்லோரும் நல்லவர்கள், ஆனாலும் அந்த நாட்களைத் திருப்பித் தர யாராலும் முடியாது. முதலிலேயே தாளை நம்பியிருந்தால் அவள் கையில் கத்தி இருந்திருக்கும்.

இரண்டு மாதம் முடியப்போகும் சமயத்தில் ஒரு புதன்கிழமை மகளே கூப்பிட்டாள். கடைக்காரர் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு வைத்தார்.

"ப்பா, கடைசியா ஒரு ஃபாரம் குடுத்துக்கறாங்க. பெத்தவங்களுக்கு ஒரு கேள்வி கீது. கஷ்டம் ஏதாவது இருந்துச்சான்னு. கடையில இருக்கியா? வூட்டுக்குப் போனப்புறம் பேசட்டுமா?"

அன்றும் கூட்டம் இருந்தது. அந்தப் பெரியவரும் நின்றார். "எனக்கு மூள ஒடையாம வேணும்பா, பாத்து" என்றார்.

கத்தியைக் கட்டையில் வைத்தேன். "இருந்துச்சின்னு எழுதும்மா" என்றேன். "பணத்துக்கு இருந்துச்சி. அத வாயால சொல்ல அதுக்கு மேல இருந்துச்சி. உனுக்கு அந்த மூள சீவற வேல போச்சில்ல, அதயும் எழுது. இன்னொரு புள்ளைக்கு இப்பிடிப் பண்ணாதீங்கன்னு எழுது."

"மெதுவா சொல்லுப்பா, எழுதிக்கினு இருக்கறேன்."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பெரியவர் தன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும்தான் கேட்டார்கள். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கான ஆட்டுத் தலையைக் கட்டையில் எடுத்து வைத்தேன்.