சீலையை மிதித்து நின்ற தெய்வம்

போன வருடம் கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்த நாட்களில், மட்டக்களப்பில் செங்கலடிச் சந்திக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பல் வைத்தியசாலையின் பின்னறையில் இது தொடங்கியது. பல் கட்டுவது என் வேலை. வைத்தியர் அளவெடுத்துத் தர, நான் முதலில் மெழுகில் செய்து, வாயில் வைத்துப் பார்த்து, பிறகு பல்லாக்கிக் கொடுப்பேன். இருபத்தாறு வருடமாக இதே வேலை. கை பழகிவிட்டது, கண் பழகிவிட்டது, கூடவே தலைக்கனமும் கொஞ்சம் ஏறியிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு இன்னொரு பைத்தியம் உண்டு. பழைய ரோம நாணயங்கள். ஒரு பக்கம் அரசனின் தலை இருக்கும், அது எனக்கு முக்கியமில்லை. மறுபக்கத்தில் தெய்வம் இருக்க வேண்டும். ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி அங்கே கடைகளில் கிடைக்கும் கழுவாத நாணயங்களை வாங்கி அனுப்புவான். மண்ணும் களிம்பும் ஏறிய அந்த வட்டங்களை, பல் வேலைக்கு வைத்திருக்கும் ஊசியாலும் லென்சாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் துப்புரவாக்குவேன். வீட்டுச் சாமிப் படத்தில் தூசி படிந்து கிடக்க, ஐயா ரோமாபுரிச் சாமிக்கு அபிஷேகம் செய்கிறார் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப் பன்னிரண்டு தெய்வங்கள் சேர்ந்தன. அதற்கு முந்தின வருடம் அவற்றைக் கொழும்பில் நடந்த சேகரிப்பாளர் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு வழக்கம். நாணயத்துக்குப் பக்கத்தில் அதன் பெயரை எழுதி வைக்க வேண்டும். கேட்டால் நிரூபிக்கவும் வேண்டும், முடியாவிட்டால் நாணயம் வரிசையிலிருந்து எடுக்கப்படும். என் பன்னிரண்டாவது நாணயத்தில் ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்கு முன்னால் ஏதோ ஒன்று வில்லாக வளைந்து நிற்கிறது. அதைச் சிறகு என்று நினைத்து வெற்றித் தேவதை என்று எழுதியிருந்தேன். அங்கே எல்லோரும் மதிக்கும் மூத்த நிபுணர் ஒருவர் குனிந்து பார்த்தார். சிறகென்றால் தோளில் அல்லவா முளைக்க வேண்டும், இது ஆடுகிற பெண்ணின் சால்வை, தெய்வமே இல்லை என்றார். மண்டபம் சிரித்தது. நானே என் கையால் அந்த நாணயத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்த அவமானம் மட்டக்களப்பு வந்து சேரும்வரை நெஞ்சில் எரிந்தது.

அடுத்த வருடக் கூட்டத்தை மட்டக்களப்பில் நடத்தலாம் என்று முன்னால் நின்று கேட்டவன் நான்தான். எங்கள் ஊரிலேயே அந்த மனிதருக்கு முன் பன்னிரண்டையும் வைத்துவிட வேண்டும் என்ற வீம்பு. ஆனால் கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதும் பன்னிரண்டாவதுக்குப் பெயர் கிடைக்கவில்லை. சரி, ஆடுகிற பெண்ணாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அவளையாவது அழகாக்குவோம் என்று முடிவு செய்தேன். அவள் காலடியில் சால்வையோடு ஒட்டிக்கொண்டு சிறு கட்டி ஒன்று இருந்தது. மண் இறுகியது என்று எண்ணினேன். பல் வேலையில் மிஞ்சியதைச் சீவுவதுபோல அன்று பின்னேரம் அதைச் சீவி எடுப்பதாக இருந்தேன். நாணயத்தைப் பெரிதாகப் படமெடுத்து, சீவ வேண்டிய இடத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, மேசைக்கு மேலே ஒட்டியும் வைத்திருந்தேன்.

அன்று காலை பனிச்சங்கேணியிலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவரோடு வாவியில் தோணியில் போய்த் தொழில் செய்கிறவர். தோணி தள்ளும் கம்பு தவறி அடித்ததில் முன்பற்கள் மூன்று போய்விட்டன. கதிரையில் இருந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, யார் இந்தப் பெண், தோணியில் காற்றுக்கு விரிக்கிற பாய்ச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே என்று கேட்டார்.

எனக்கு எரிச்சல். கொழும்பு நிபுணரே ஆடுகிறவள் என்று சொல்லிவிட்டார், இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். "அது பாயும் இல்ல ஒண்டும் இல்ல தங்கச்சி, ஆடுறதுக்குப் போட்ட சால்வை. வாயத் திறங்க" என்று சொல்லி, மெழுகுத் தட்டை வாய்க்குள் வைத்துவிட்டேன். பேச்சை நிறுத்த எனக்குத் தெரிந்த சுலபமான வழி அது. அவர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு தட்டைத் தன் கையாலேயே வெளியே எடுத்து, சிவப்பு வட்டத்தைக் காட்டினார்.

"காலப் பாருங்க சேர். சீலைர நுனிய மிதிச்சிக்கிட்டு நிக்கிறா. ஆடுறவ சீலய மிதிப்பாவா? மிதிச்சா விழுந்திருவா."

நான் சீவி எறிய இருந்தது அவளுடைய பாதம். அவர் போன பிறகு கட்டியைத் தொடாமல், சுற்றியிருந்த மண்ணை மட்டும் ஊசி முனையால் மெல்ல மெல்ல எடுத்தேன். ஒரு கணுக்கால் தெரிந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர்கள் சீலை பிடிப்பதைப் பார்க்க, வந்த ஞாயிற்றுக்கிழமையே பனிச்சங்கேணிக்குப் போனேன். காற்று வாய்ப்பாக இருந்தால் தோணியில் திரும்பும்போது கம்பு போடத் தேவையில்லை என்று அந்தப் பெண்ணின் கணவர் சொன்னார். கணவர் பின்னால் இருந்து திசை பார்க்க, அந்தப் பெண் முன்னால் எழுந்து பழைய சீலை ஒன்றை விரித்தார். மேல் நுனி இரண்டும் இரண்டு கையில், கீழ் நுனி காலுக்கடியில். சீலை புடைத்ததும் தோணி பாய்ந்தது. என் நாணயத்தில் இருந்தவளே எழுந்து நிற்கிறாள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. நானும் ஒருமுறை பிடித்துப் பார்க்கிறேன் என்று எழுந்தேன். காலை ஒரு கணம் தூக்கியதுதான், சீலை கொடியாகிப் பறந்தது, நான் இடுப்பளவு தண்ணீரில் இருந்தேன். இருவரும் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது.

அதன் பிறகு எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பாய் பிடித்த தெய்வம் என்று தேடினேன். ரோமர் ஆட்சியில் எகிப்தில் அடித்த நாணயங்களில், கப்பலோட்டிகளைக் காக்கும் ஐசிஸ் என்ற தேவி இப்படியே நிற்கிறாள். பக்கத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடு ஒன்று.

கூட்ட நாள் வந்தது. பள்ளிக்கூட மண்டபம், வெக்கைக்குத் தரையில் வைத்த இரண்டு பெரிய மின்விசிறிகள். பன்னிரண்டாவது நாணயத்துக்கு முன்னால் 'ஐசிஸ்' என்று எழுதி வைத்தேன். நிபுணர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் விடவில்லை. மற்ற நாணயங்களில் வெளிச்சவீடு தெளிவாக இருக்கிறதே, இதில் எங்கே என்றார். காலடியில் இருப்பது பாதமென்றே வைத்துக்கொண்டாலும், ஆடுகிறவளுக்கும் பாதம் உண்டுதானே என்றார். சுற்றி நின்றவர்கள் மறுபடி சிரிக்கத் தயாரானார்கள்.

நான் அழைத்ததால் அந்தப் பெண்ணும் கணவரோடு வந்து கடைசி வரிசையில் இருந்தார். கூட்டத்துக்கு நடந்ததைச் சொல்லி, ஒருக்கால் செய்து காட்டுவீர்களா என்று அவரைக் கேட்டேன். கூச்சப்படுவார் என்று நினைத்தேன், ஆனால் அவர் நேரே வந்து மின்விசிறிக்கு முன்னால் நின்றார். யாரோ மேசை விரிப்பை உருவிக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் பிடித்து, நுனியை மிதித்தார். விரிப்பு புடைத்து வில்லாக வளைந்தது.

"இப்ப ஆடச் சொல்லுங்க பாப்பம்" என்றார், புதுப் பல் மூன்றும் தெரிய.

ஒருவரும் சிரிக்கவில்லை. நிபுணர் அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தார், நாணயத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். பிறகு லென்சை நாணயத்தின் விளிம்புக்குக் கொண்டுபோய் அங்கேயே வெகுநேரம் நின்றார். தேய்ந்துபோன இரண்டு படிக்கட்டுகள் அங்கே இருக்கின்றன, வெளிச்சவீட்டின் அடி என்று அவரே எல்லோருக்கும் காட்டினார். நான் ஒரு நாளும் கவனிக்காத இடம் அது. "போன வருசம் நான் சொன்னது பிழை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மண்டபம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

நாணயத்தின் பெயர் எழுதிய அட்டையில், இனங்கண்டவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தேன். நிபுணர் அதைக் காட்டிப் பேனையை நீட்டினார். நான் என் பெயரை வெட்டிவிட்டு அந்தப் பெண்ணின் பெயரை எழுதினேன். நிபுணர் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார்.

அந்த நாணயத்துக்கு அச்சு வெட்டியவன், ஒரு பெண் காற்றைக் காலால் மிதித்து நிறுத்துவதை எங்கோ ஒரு கரையில் நின்று பார்த்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் லென்ஸ் வைத்துப் பார்த்த எனக்குத் தெரியாதது, தினமும் அதையே செய்கிற ஒருவருக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. யாருக்கு எது தெரியும் என்பதை ஆளைப் பார்த்து முடிவு கட்டும் பழக்கத்தை நான் அன்றைக்கு விட்டேன், விட்டதில் இன்றுவரை எனக்கு வெற்றிதான்.