குரங்குக்குக்கூடத் தெரிந்த நிறம்

2009ஆம் வருடம், தை மாதம். சிதம்பரத்தில் மேட்சிங் பிளவுஸ் துணிக்கடை வைத்திருந்தேன். கல்யாண சீசன், மூச்சு விட நேரமில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அனுபவமே அதனால் வந்ததுதான்.

கடையில் எனக்குத் துணையாக ஒருவர் வேலை பார்த்தார். முப்பது வயது இருக்கும். கிள்ளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மூன்று வருடத்தில் அவர் மீது ஒரு புகார் வந்ததில்லை. யாராவது புடவையை நீட்டினால், "இந்தக் கலருக்கு என்ன பேரு சொல்லுவீங்கம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் திரும்புவார். அரக்கு, வெந்தயம், வெங்காயக் கலர் என்று அவர்கள் சொன்னதும் கை நேராக அந்தத் தட்டுக்குப் போகும். என்ன ஒரு மரியாதை என்று எல்லோரும் மெச்சுவார்கள். நானும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் லீவு. தட்டுகளைத் துடைக்கிறேன் பேர்வழி என்று துணிகளை எல்லாம் இடம் மாற்றி அடுக்கிவிட்டேன். திங்கட்கிழமை வந்தவர் அலமாரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்க்கா மாத்துனீங்க?"

"பாக்க நல்லாருக்குல்ல?" என்றேன்.

அன்று மதியம் நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், குமராட்சிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகளின் கல்யாணப் புடவையோடு வந்திருக்கிறார். அரக்குப் புடவை. "அரக்குல ஒரு மீட்டர் கிழிச்சு வைங்க, வளையல் கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்ததும் கட்டி வைத்திருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மினிபஸ் ஏறிவிட்டார். டைலரிடம் போய்ப் பிரித்தால் உள்ளே இருந்தது பாட்டில் கிரீன்.

மறுநாள் காலை கடை நிறையக் கூட்டம். அந்த அம்மா அழாத குறையாக வந்து நின்றார். "மூணு நாள்ல கல்யாணம். கண்ண எங்க வச்சுக்கிட்டு கிழிச்சீங்க?"

கடையில் எனக்குத் துணையாக இருந்தவர் அந்தத் துணியைக் கையில் வாங்கி, புடவை மேல் வைத்து வைத்துப் பார்த்தார். அது எனக்கு நடிப்பு மாதிரி தெரிந்தது. "கொரங்குக்குக் கூட கலர் தெரியும்யா. ஒனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

சரியான துணியை நானே கிழித்துக் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் அவர் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினார். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. வேறு ஆள் கிடைக்காமலா போகும் என்று வீறாப்பாக இருந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை கண்ணாடி மாற்றுவதற்காகக் கடலூரில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். அவர் ஒரு பெண். என் தொழிலைக் கேட்டார், நான் வாய் ஓயாமல் இந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"அவரு வெளிர் ரோஸையும் சாம்பலையும்கூட மாத்தி எடுப்பாரா?"

யோசித்துப் பார்த்தேன். பேர் கேட்காமல் அவர் ஒரு துணியைக்கூட எடுத்து நான் பார்த்ததில்லை. அதைச் சொன்னதும் டாக்டர் தலையாட்டினார்.

"கண்ணுக்குள்ள கூம்பு செல்லுன்னு மூணு வகை இருக்கும்மா. அதுங்களுக்குக் கலரு தெரியாது. தனக்கு எவ்ளோ வெளிச்சம் வந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும். அந்தச் சேதியெல்லாம் பின்மண்டைக்குப் போயி, ஒன்னோட ஒன்ன ஒப்பிட்டுப் பாத்துத்தான் இது அரக்கு, இது பச்சைன்னு மூளை முடிவு பண்ணுது. அதுவும் ஒரு மேட்சிங் சென்டர்தான். அவருக்கு ஒரு வகை செல்லு இல்லாம இருக்கும். பக்கத்துல வச்சுப் பாக்க இன்னொரு துண்டு வரலன்னா மூளை என்ன பண்ணும்? பொறவியிலேயே வர்றது. ஆம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தி."

"மண்டைக்குள்ள நடக்கறத எப்புடிங்க கண்டுபிடிச்சாங்க?"

"நெறைய கொரங்குகள வச்சுத்தான். நம்ம ஊரு கொரங்குக்கும் நம்மள மாதிரியே மூணு வகையும் உண்டு."

நான் திட்டியதில் குரங்கு வந்ததை மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே கூசிப் போனேன். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அது அட்சரம் பிசகாமல் உண்மையாக இருந்தது.

சிதம்பரத்தில் இறங்கியதும் கடைக்குப் போகவில்லை. அடுத்த கிள்ளை பஸ்ஸில் ஏறினேன். அவர் வீட்டை விசாரித்துப் போனால், வாசலில் ஒரு பை கட்டித் தயாராக இருந்தது. அன்று ராத்திரி பஸ்ஸுக்குத் திருப்பூர் கிளம்புகிறாராம், பனியன் கம்பெனிக்கு. மனைவி கைக்குழந்தையோடு நின்றாள், என்னைப் பார்த்து வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்தான்.

டாக்டர் சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். "நான் பேசுனது தப்புப்பா" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல படம் வரையறப்போலேர்ந்து அடி வாங்குறேங்க்கா. நமக்கு மண்டைல ஏதோ கொறைன்னுதான் இத்தினி நாளும் நெனச்சேன். எடத்த மனப்பாடம் பண்ணி ஓட்டிட்டேன். நீங்க மாத்திட்டீங்க."

"மண்டைல ஒரு கொறையும் இல்ல. சேதிதான் வரல" என்றேன். அவர் மனைவி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்தார். நான் அதற்குள் தடித்த பேனாவில் ஒவ்வொரு தட்டுக்கும் பேர் எழுதி ஒட்டி வைத்திருந்தேன். இப்போதெல்லாம் அவரே வாடிக்கையாளரிடம், "எனக்கு செவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதுங்க, நீங்களும் ஒரு தடவ பாத்துக்குங்க" என்று சொல்கிறார். யாரும் சிரிப்பதில்லை. வெள்ளை, அரை வெள்ளை, சந்தன வெள்ளை என்று நான் தடுமாறும் இடத்தில் அவர் ஒரே பார்வையில் பொருத்திவிடுவார். அதற்கென்றே அவரைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவருக்கு இரண்டு நிறம் பிரியாமல் போனதற்கு டாக்டர் ஒரு காரணம் சொன்னார். மூன்று வருடம் பக்கத்திலேயே நின்றும், அவர் ஏன் பேர் கேட்கிறார் என்று எனக்கு ஒரு நாள்கூடக் கேட்கத் தோன்றாமல் போனதற்கு எந்த டாக்டர் காரணம் சொல்வார் என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.