கடலூரில் எரிந்து சிதம்பரத்தில் அணைந்த திரை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பூவராகனிடம் கொடுத்த லேப்டாப் பிழைத்துவிடும் என்பது ஊர்ப்பேச்சு. மீனவக் குப்பத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் படகு இன்ஜினை விட்டு இந்தப் பக்கம் வந்தவர். இப்போது நாற்பத்திரண்டு. திரை கறுத்து வந்தால் முதலில் டார்ச்சைச் சாய்த்து அடிப்பார். மங்கலாக எழுத்து தெரிந்தால் உள்விளக்குதான் போயிருக்கிறது. தெரியாவிட்டால் வேறு மானிட்டரில் மாட்டுவார். கடற்கரை வீட்டுப் பெட்டியென்றால் கேபிள் முனையில் உப்பு பூத்திருக்கிறதா என்று பார்ப்பார்.

சிவகாமு மாமியின் பெட்டியிடம் இந்த வித்தையெல்லாம் பலிக்கவில்லை. மாமி சிதம்பரத்தில், கோயிலை ஒட்டிய தெருவிலிருந்து லேப்டாப் வழியே வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். வீட்டில் பட்டனை அழுத்தினால் ஓரத்துச் சின்ன விளக்கு எரியும், திரை இருட்டு. கடைக்கு வந்தால் பளிச்சென்று எரியும். பூவராகன் கேபிளை மாற்றினார், கிராபிக்ஸ் டிரைவரை மறுபடி ஏற்றினார். இரண்டு முறையும் வீடு போனதும் அதே கதை.

மாமி போனில் வெடித்தார். "ரெண்டு வாரமா கிளாஸ் இல்ல. இன்னிக்கும் நடக்கலேன்னா ஒம்பது பேரும் வேற டீச்சர்ட்ட போயிடுவா. அப்புறம் நான் சுவத்துக்கா பாடறது?"

"நீங்க தூக்கிக்கினு அலைய வேணாம் மாமி. நானே வரேன். அது உங்க வூட்ல என்னா பண்ணுதுன்னு பாக்கணும்."

வகுப்பு ஐந்தரைக்கு. நாலே முக்காலுக்கே பூவராகன் வந்துவிட்டார். "நான் இல்லேன்னு நெனச்சிக்கிங்க. எப்பவும் செய்யிற மாதிரியே செய்ங்க."

மாமி மேசையைத் துடைத்தார். பெட்டியைத் திறந்தார். கார்களில் வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு விரலளவு நடராஜரை எடுத்துக் கீபோர்டுக்குக் கீழே இடது மூலையில் நிறுத்தினார். கும்பிட்டார். பட்டனை அழுத்தினார். இருட்டு.

"இவரு கடைக்கு வந்ததேயில்லியே மாமி?"

"ரெண்டு வாரமாத்தான் இங்க வெக்கறேன். எல்லாரும் செருப்புக் காலோட நிக்கற எடத்துக்கு ஸ்வாமிய கொண்டு வரலாமோ?"

பூவராகன் நடராஜரைத் தூக்கினார். திரை எரிந்தது. வைத்தார், அணைந்தது.

"அடியில காந்தம் இருக்கு. மூடியில இருக்குற காந்தம் கிட்ட வந்தாத்தான் மூடியாச்சுன்னு பெட்டிக்குத் தெரியும். இவரு நின்னதும் மூடிட்டாங்கன்னு நெனச்சிக்கிது."

"அப்போ ரெண்டு வாரமா ஸ்வாமியேதான்…"

"சாமிய ஏன் சொல்றீங்க? நல்லாருந்த கேபிள மாத்துன என்னைய சொல்லுங்க."

மாமி நடராஜரை அலமாரியில் வைத்தார். ஐந்தரைக்குத் திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன. மாமி விரல்விட்டு எண்ணினார். ஏழு. இன்னும் ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு சுருதியை வைத்தார்.