தோட்டத்துக்கு எத்தனை கரை?

எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் நான் மூன்றாவது தடவைதான் தேறினேன். இதைக் காஞ்சிபுரம் தபாலாபீசில் வேலை பார்த்த காலத்தில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. என் வேலை கடிதங்களுக்கு முத்திரை குத்துவது. அதற்குக் கணக்கு வேண்டாம், மணிக்கட்டு போதும். ஆனால் கம்பி ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு உள்ளே இருப்பவன் எல்லாம் கணக்கில் புலி.

அப்படி என்னைப் புலி என்று நம்பியவர் ஒரு பட்டு நெசவாளி. மகளுக்கு வரும் பரீட்சைக் கடிதாசிகளை ஆபீசுக்கே வந்து கேட்டு வாங்கிப் போவார். ஒருநாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீ கணக்குல பாஸா?"

"பாஸ்தான்," என்றேன். பொய்யில்லை. எத்தனையாவது தடவை என்று அவர் கேட்கவில்லை, நானாகச் சொல்ல எனக்கு என்ன வந்தது?

"என் பொண்ணு எல்லாத்துலயும் தேறிட்டா. கணக்குதான் ரெண்டு வாட்டி கவுத்துடுச்சு. நர்சு படிப்புக்குப் போவணும்னு ஒத்தக் கால்ல நிக்குறா. இந்த வருசம் உட்டா வயசு தாண்டிடுமாம். சாயங்காலம் வந்து சொல்லிக்குடுபா."

"வரேன் பெரியப்பா," என்று என் வாய் சொல்லிவிட்டது. வயிற்றைக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருக்கும்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. பெண்ணுக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே பாடம் தறிக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பெரியவர் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருப்பார். நான்கு முழம் தள்ளிச் சுவரில் சாய்த்த கரும்பலகை. தறி அடிக்க அடிக்கப் பலகை ஆடும், நான் வரையும் சதுரத்துக்கு மூன்று விதமான கோணம் வரும். எனக்கு அது ஒருவிதத்தில் சௌகரியம். தப்பு வந்தால் தறிமேல் பழி போடலாம்.

முதல் வாரமே இன்னொரு மாணவர் சேர்ந்தார். திருப்புட்குழியில் விவசாயக் குடும்பம். போலீசில் சேர ஆசைப்பட்ட வாட்டசாட்டமான ஆள். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவர், மீசையில் பத்து வயது பெரியவர். அவர் சைக்கிளை நிறுத்தும் சத்தத்திலேயே எனக்கு வியர்க்கும். ஒரு பொய்ப் புலியை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருப்பது ஒருவர் பார்ப்பதைவிடக் கஷ்டம்.

என் முறை இதுதான். செவிலிமேட்டில் என் அறையில் விடியற்காலையில் நோட்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு கணக்கை உருப்போடுவேன். சாயங்காலம் அந்த நிமிடம் தோன்றியதுபோல மோவாயைச் சொறிந்துகொண்டு பலகையில் எழுதுவேன். நடுவில் யாராவது கேள்வி கேட்டால், "அதுக்குதான் வரேன்," என்பேன். பல கேள்விகளுக்கு நான் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறேன்.

தனிவட்டி, லாப நட்டம், ஆளும் வேலையும் எல்லாம் ஒருவழியாக ஓடின. முட்டிக்கொண்டது பரப்பளவில்தான். 'நாற்பது மீட்டர் நீளமும் முப்பது மீட்டர் அகலமும் உள்ள தோட்டத்தைச் சுற்றி வெளியே இரண்டு மீட்டர் அகலத்தில் பாதை உள்ளது. பாதையின் பரப்பு என்ன?' வருடா வருடம் மாகாணம் முழுக்கக் கேட்கிற கணக்கு. என்னை இரண்டு தடவை கவிழ்த்த கணக்கும் இதுவே.

திருப்புட்குழிக்காரர் நூற்று நாற்பத்தெட்டு என்றார். சரியான விடை இருநூற்றுத் தொண்ணூற்றாறு. சரியாகப் பாதி. எப்படி என்று புரியாமல் விழித்தேன்.

"பாதைன்னா வரப்புதான சார்? வரப்புல பாதி பக்கத்து நெலத்துக்காரனுது. நம்ம பாதிய மட்டும் போட்டேன்."

"பரீட்சையில பக்கத்து நிலத்துக்காரன் வரமாட்டாருங்க. மொத்தமும் உங்களுது, எழுதுங்க."

"பிற்பாடு தகராறுக்கு வந்தா?"

"வந்தா நீங்கதான போலீசு?"

பெரியவர் குழிக்குள்ளிருந்து சிரித்தார். பெண் சிரிக்கவில்லை. அவளுக்குக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு, "தோட்டத்த நான் எங்கணா பாத்தேன்? பொறந்ததுலேந்து தறிதான் பாக்குறேன்," என்றாள். அந்தக் குரலில் அழுகை ஓரமாக நின்றது. சின்ன வயதில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாக்கட்டையைத் தள்ளி வளர்ந்தவள். இரண்டு தடவை தோற்ற பயம் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இல்லை. சொல்லத்தான் தைரியம் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த ஞானோதயம்.

"யம்மா, புடவைன்னு நெனச்சுக்கோ. தோட்டம் உடம்பு, பாதை கரை. அவ்ளோதான்!"

தறி ஒரு நொடி நின்றது. பெரியவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பெண்ணும் பார்த்தாள், அப்புறம் நோட்டில் என்னவோ கிறுக்கினாள். நான் பலகையில் பெரிய செவ்வகத்திலிருந்து சின்ன செவ்வகத்தைக் கழித்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு என்று எழுதினேன். அவள் பலகையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "புரிஞ்சுபோச்சுணா," என்றாள். தறி மறுபடி ஓடியது. நெசவாளியே வியந்து தறியை நிறுத்திவிட்டார் என்று எண்ணி அன்று சைக்கிளில் கை விட்டு ஓட்டிக்கொண்டு வீடு போனேன்.

அதற்குப் பிறகு குளம், மைதானம், கூடம், எது வந்தாலும் "புடவை, கரை" என்று ஒரு அதட்டல் போடுவேன். அவளும் சரியான விடையைச் சொல்வாள். பரீட்சைக்கு முந்தின நாள், "கரையை மறந்துடாதே," என்று ஆசீர்வாதம் வேறு செய்தேன்.

மறுநாள் காலை ஆபீசில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குப் பரீட்சை. மணி ஒன்பதரை. ஜவுளிக் கடைப் பையன் ஒருவன் கொண்டுவந்த பார்சல் எடை கூடிவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவன் மேஜைமேலேயே தையலைப் பிரித்தான். ஒரு புடவையை வெளியே எடுத்து, மடிப்புக் கலைந்ததால் உதறி விரித்தான்.

மாம்பழ நிறத்தில் உடம்பு. மேலே ஒரு கரை, கீழே ஒரு கரை. ஒரு கோடியில் முந்தி. மறுகோடியில் ஒன்றுமில்லை, வெறும் பட்டு.

என் முத்திரை அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியபோது கடிதத்தில் இறங்கவில்லை, என் கட்டைவிரலில் இறங்கியது.

நாலாவது பக்கத்தில் கரை இல்லை! பட்டுப்புடவை ஊரில் பிறந்து வளர்ந்து, புடவைக்கு எத்தனை பக்கம் கரை என்று பார்க்காமல் ஒருவன் பாடம் நடத்தியிருக்கிறான். பிறந்ததிலிருந்து புடவை நெய்கிறவள் புடவையை நினைத்தால் இரண்டு கரை போடுவாள், ஒரு முந்தி போடுவாள், மேலே ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவாள். இருநூற்றிருபது! விடை தப்பு. நர்சுப் படிப்பு போயிற்று. வயசும் தாண்டிற்று.

"என்னய்யா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"வயித்து வலி சார்."

சைக்கிளை மிதித்தேன். ராஜவீதி திரும்பியதும் எதிரே நாதஸ்வரம். பங்குனி உற்சவம், சாமி புறப்பாடு. யானைகூட அசைந்து வழிவிடும், சாமி வழிவிடாது. "வண்டிய ஓரமா எறக்குபா, சாமி வருதில்ல?" என்று ஒரு அம்மா அதட்டினார். இறக்கினேன். கைகூப்பினேன். 'ஆண்டவனே, நீயும் நாலு பக்கமும் சுற்றித்தான் வருகிறாய், அவளுக்கு அதை எப்படியாவது சொல்லிவிடு. கொஞ்சம் சீக்கிரமும் நகரு,' என்று வேண்டிக்கொண்டேன். சாமி நிதானமாகத் தீபாராதனை வாங்கிக்கொண்டது.

பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது மணி அடித்துக் கேட்டைச் சாத்திவிட்டார்கள். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மதில் ஓரம் நின்று, "நாலு பக்கம்! நாலு பக்கம்!" என்று கத்தினேன்.

கேட்டிலிருந்த பியூன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"யோவ், இன்னா கத்திக்கினு இருக்கே? உள்ள ஆளுக்கு பிட்டு அனுப்புறியா?"

"இல்லீங்க. நாலு பக்கமும் சாமி காப்பாத்தட்டும்னு வேண்டிக்கினேன்."

"அத்த கோயில்ல போய்க் கத்து. இன்னொரு வாட்டி சத்தம் கேட்டுது, நாலு பக்கமும் நானே காட்டுவேன்."

எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம். குச்சியால் மண்ணில் செவ்வகம் போட்டேன். நாலு பக்கமும் அவள் பாதை போட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். நீளம் இரண்டு, அகலம் இரண்டு, கூட்டினால் இருநூற்றெண்பது. இருநூற்றுத் தொண்ணூற்றாறு எங்கே போயிற்று? பதினாறு குறைகிறதே! மறுபடி கூட்டினேன். மறுபடி குறைந்தது. அப்போதுதான் மூலைகள் ஞாபகம் வந்தன. நாலு மூலையை விட்டுவிட்டேன். என் இரண்டு தோல்விகளுக்கும் காரணமான அதே நாலு மூலை. இத்தனை வருடம் கழித்து, பரீட்சை எழுதாமலே, மரத்தடியில் மூன்றாம் முறையாகத் தோற்றேன்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. முதலில் வந்தவர் திருப்புட்குழிக்காரர்.

"பாதை வந்துதுங்களா?" என்று பாய்ந்தேன்.

"வந்துது சார். வேற அளவு. மொத்தமும் எனக்குன்னு எழுதிட்டேன். பக்கத்து நெலத்துக்காரனுக்கு ஒரு சாண் குடுக்கல."

கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவர் பின்னால் அவள் வந்துகொண்டிருந்தாள். பேனாவில் கசிந்த மை விரலெல்லாம்.

"எத்... எத்தினி பக்கம் போட்டேம்மா?"

"நாலு."

"நாலா?"

"நாலு மூலையும் சேத்து. மூலைக்கு ரெண்டு ரெண்டு நாலு, நாலு மூலைக்குப் பதினாறு. அதுவும் சரியா வந்துதுணா."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "நான் புடவைன்னு சொன்னேனே..."

"நீ சொன்ன அன்னிக்கே புடவைக்குப் போட்டுப் பாத்தேன். இருநூத்தி இருவதுதான் வந்துது. நீ போர்டுல வேற எழுதுன. சரி, இவரு புடவையக் கோடியிலேந்து கோடி பாத்ததில்ல போலன்னு, நான் கைக்குட்டைன்னு மாத்திக்கினேன். அதுக்குதான் நாலு பக்கமும் கரை இருக்குது. மூலையும் பளிச்சுனு தெரியும்."

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"உன் மூஞ்சில அவ்ளோ சந்தோசம். அதுக்கு முன்ன ஒரு நாள்கூட நீ பயப்படாம பாடம் நடத்துனதில்லணா. நைனாதான் சொன்னாரு, உட்டுடு, புள்ள நல்லா இருக்குறான்னு."

நான் பொய்ப் புலி என்று அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. என் மோவாய்ச் சொறிதல், "அதுக்குதான் வரேன்," எல்லாம். அந்தப் பெண் தன் ஒரே வாய்ப்பை என் கையில் கொடுத்துவிட்டு, நான் உடைந்துவிடாமல் என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விக்கல் வந்தது. "நான் கணக்குல மூணாவது வாட்டிதாம்மா தேறினேன்," என்றேன். முதன்முதலாக.

"அதான் பயம் என்னான்னு தெரிஞ்சு சொல்லிக்குடுத்த," என்று சொல்லிவிட்டு, விக்கலுக்குத் தண்ணீர் வாங்கப் பியூனிடம் போனாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் தண்ணீர் இல்லை.

முடிவு பேப்பரில் வந்த அன்று எண்களின் கூட்டத்தில் அவள் எண்ணைக் காணாமல் ஆபீசிலேயே எனக்குத் தலை சுற்றியது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்து ஜில்லாவை என்று போஸ்ட்மாஸ்டர் காட்டிய பிறகு எண் கிடைத்தது. திருப்புட்குழிக்காரர் கணக்கில் தேறி இங்கிலீஷில் கவிழ்ந்தார். அதற்கு ஆள் தேடி என்னிடம் வந்தபோது, நான் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன்.

அவள் பயிற்சிக்குப் புறப்படும் முன் பெரியவரும் அவளும் ஆபீசுக்கு வந்தார்கள். கம்பி வழியாக ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார்கள். உள்ளே கைக்குட்டை அளவு பட்டு, அவள் கையால் நெய்தது. விரித்தேன். மேலே ஜரிகைக் கரை, கீழே ஜரிகைக் கரை, ஒரு ஓரத்தில் விரல் அகலத்துக்கு முந்தி. நாலாவது பக்கம் வெறுமை.

"நாலாவது பக்கத்த நீயே போட்டுக்கோணா," என்றாள். பெரியவர் தபால் பெட்டியையே பார்த்தார்.

அதற்கடுத்த வருடம் விடுமுறைக்கு வந்தபோது அவள் உடுத்தியிருந்தது நர்சுகளின் வெள்ளைப் புடவை, எந்தப் பக்கமும் கரை கிடையாது. அதற்கும் ஒரு கணக்கு போடச் சொல்லிக் கேட்டாள். ஓடிவிட்டேன்.

அந்தப் பட்டுத் துண்டு இப்போதும் சட்டைப் பையில் இருக்கிறது. எனக்கு வியர்க்கும்போது, இந்த வயதிலும் அது அடிக்கடி நடக்கிறது, நாலாவது பக்கத்தால்தான் முகத்தைத் துடைத்துக்கொள்கிறேன். அங்கே ஜரிகை குத்தாது.