ஏரம்பரின் எடை எழுபத்திரண்டு கிலோ

புளியங்கூடல் ஏரம்பர் இருபத்தாறு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். ஊருக்கு வந்த அரிசி, மா, சீனி எல்லாவற்றையும் நிறுத்துக் கொடுத்த அந்த மனிதர் தன்னை ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. இந்தக் குறையை 1987ஆம் ஆண்டு ஜெர்மனி தீர்த்து வைத்தது.

ஜெர்மனியில் இருந்தவன் அவருடைய ஒரே மகன் குகதாசன். அகதியாகப் போய், ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். மிச்ச நேரத்துக்குத் தொலைக்காட்சிப் பெட்டியில் கொழுவும் ஒரு பழைய கொம்பியூட்டர் வாங்கி, அதற்கு ஒரு புறோகிறாம் எழுதினான். எடை, கழுத்து, நெஞ்சு, இடுப்பு, கை என்று மாதம் ஐந்து இலக்கம் கொடுத்தால் அது கோடு கீறிக் காட்டும். ஓரமெல்லாம் ஓட்டை போட்ட தாளில் வெறும் கட்டங்களை அச்சடித்து, மாதா மாதம் நிரப்பி அனுப்பச் சொல்லி, ஓர் அளவு நாடாவும் வைத்து ஊருக்கு அனுப்பினான். அறுபது கிலோவுக்கு நேரே சிவப்புப் பேனையால் ஒரு கோடு. கூடவே ஒரு கடிதம்.

"அப்பாவுக்குச் சலரோகம். எடை இந்தக் கோட்டுக்குக் கீழ போனால் நான் ரிக்கற் போட்டு வந்திடுவன்."

இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து வளவுப் பெடியன் ஒருவன் தாயின் செத்தவீட்டுக்கென்று பிரான்சிலிருந்து வந்தான். வவுனியாவில் ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸால் இறக்கினார்கள். செத்தவீடு முடிந்து, அந்திரட்டி முடிந்து, ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. அவன் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே குகதாசன் வரக்கூடாது என்பதில் வீட்டில் இரண்டு அபிப்பிராயம் இருக்கவில்லை.

தராசுக்குப் பஞ்சமில்லை. சங்கக்கடையின் கூரை ஷெல்லில் போன பிறகு, மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு பாதுகாப்புக்காக ஏரம்பர் வீட்டு விறாந்தைக்கு வந்திருந்தது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஏரம்பர் அதில் ஏறினார். எழுபத்திரண்டு. அடுத்த மாதம் எழுபது. பிறகு அறுபத்தேழு. சீனி வருத்த மருந்து யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டும். றோட்டு மூடிக் கிடந்தது. 1988 மாசியில் அறுபத்தொன்று.

"இனி ஒரு கிலோதான் இருக்கு" என்றார் மனைவி அன்னபூரணம். வீட்டில் கடிதம் எழுதுவது அவர்தான்.

"எழுபதெண்டு போடும்."

"மற்ற இலக்கங்கள்?"

ஏரம்பர் யோசித்தார். "எடையைக் கற்பனையில போடலாம். கழுத்தையும் இடுப்பையும் போட்டா ஒண்டோட ஒண்டு ஒத்து வராது. அதுக்கு ஒரு ஆள் வேணும்."

அந்த ஆள் அப்போதுதான் படலையடியில் சைக்கிள் மணி அடித்தார். மீன்கார அம்புறோஸ், அல்லைப்பிட்டியிலிருந்து வருபவர். வஞ்சகமில்லாத உடம்பு.

"உள்ளுக்கு வாரும்" என்றார் அன்னபூரணம்.

முப்பது வருடமாகப் படலைக்கு வெளியே நின்று மீன் கொடுத்தவர் அம்புறோஸ். திகைத்துப்போய், "நேற்றையான் மீன் பழுதே அம்மா?" என்று கேட்டார்.

"மீன் திறம். இதில ஏறி நில்லும்."

எழுபத்திரண்டு. ஏரம்பர் நாடாவை எடுத்து அம்புறோசின் நெஞ்சைச் சுற்றி இரண்டு கையையும் கொண்டுபோனார். அவர் ஒரு மீன்காரரைக் கட்டிப்பிடித்த முதல் தடவை அது. ஊர் வழமைக்குப் பெரிய பங்கம்தான். ஆனால் ஜெர்மனி கேட்டால் என்ன செய்வது?

"ஒரேயடியா ஏத்தினா கொம்பியூட்டர் சந்தேகப்படும். மாதம் ரெண்டு கிலோவா ஏத்துவம்" என்றார் ஏரம்பர். குறைந்த சீனியைக் கணக்குப் பார்க்க வரும் ஓடிற்றருக்கு இருபத்தாறு வருடம் விளங்கப்படுத்தியவர்.

கோடு ஏறியது. புரட்டாசியில் ஏரம்பர் காலமானார். கடைசி எடையை ஒருவரும் பார்க்கவில்லை. ஒன்றுவிட்ட தம்பி கொள்ளி வைத்தார். மகனுக்குத் தந்தி அடிக்கவில்லை; பத்திரிகையில் மரண அறிவித்தலும் போடவில்லை. ஊர் அறிவித்தல் போடாததைத்தான் பெரிய குறையாக எடுத்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருந்ததால், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை அம்புறோஸ் வந்தார்.

"இனி விடலாந்தானே அம்மா?"

"விட்டா அவன் கொள்ளி வைக்கவெண்டு வந்து நிப்பான்."

"அது சரி. ஆனா ஐயா செத்த மாதம் எனக்கு அரைக் கிலோ கூடிப்போச்சு."

"இருக்கட்டும்."

அதிலிருந்து நாடா பிடிக்க அம்புறோசின் மனைவி பிலோமினம்மாவும் வந்தார். முதலில் விறாந்தை விளிம்பில் இருந்தார். மூன்றாம் மாதம் கதிரையில் இருந்தார். எல்லோரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

ஏரம்பர் தம் வாழ்நாளில் காணாத ஆரோக்கியத்தை அதற்குப் பிறகுதான் கண்டார். பதினாறு மாதம், எடை எழுபத்திரண்டுக்கும் எழுபத்துமூன்றுக்கும் நடுவில் அசையாமல் நின்றது. மகன் படம் கேட்கவில்லை. அவனுக்கு இலக்கம் போதும். சந்தோஷத்தில் அந்த அளவுக்கு ஒரு சேட்டு வாங்கி அனுப்பினான். அம்புறோஸ் அதை ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போட்டுக்கொண்டு போனார்.

1990 தையில் கடிதம் வந்தது.

"அப்பா இப்ப என்னைவிடத் திறம். இனி அம்மாவையும் புறோகிறாமில போடப்போறன். அம்மாவுக்கு நாற்பத்தைந்தில் கோடு கீறியிருக்கிறன். விளங்குந்தானே."

முதல் வெள்ளிக்கிழமை அன்னபூரணம் தராசில் ஏறினார். பிலோமினம்மா குனிந்து தராசுத் தண்டில் இருந்த குண்டைப் பின்னுக்குத் தள்ளினார். இன்னும் தள்ளினார்.

"எவ்வளவு?"

"முப்பத்தொன்பது, அம்மா."

அன்னபூரணம் இறங்கினார். சேலையைச் சரிசெய்தார். தாளை மடியில் வைத்துப் பேனையைத் திறந்தார்.

"பிலோமினம்மா, செருப்பைக் கழட்டிப்போட்டு நீர் ஏறும்."

"நான் மெத்தப் பாரமெல்லே அம்மா?"

"முதல் மாதம் நாற்பத்தெட்டெண்டு போடுவம். பிறகு பாப்பம்."

பிலோமினம்மா ஏறி நின்றார். அம்புறோஸ் நாடாவை எடுத்து நீட்டினார்.

"கழுத்து முதல்" என்றார் அன்னபூரணம்.